களியக்காவிளை தாண்டினால் ஆய்வகம்

குமரி மாவட்டத்தில் சிறுதொழில் நடத்தும் வாசகர்கள், அரசு ஆய்வகங்களோடு சேர்ந்து வேலை செய்வது பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: மிளகும் சுக்கும் காயவைத்துப் பொதிந்து விற்கிறேன். திருவனந்தபுரம் பாப்பனங்கோட்டில் மத்திய அரசு ஆய்வகம் இருக்கிறது என்கிறார்கள். அது கேரளத்தில் இருக்கிறது. நமக்கு உதவுவார்களா? போய் யாரிடம், எப்படிக் கேட்பது? (தக்கலை வாசகர்)

உதவுவார்கள். நீங்கள் சொல்வது என்.ஐ.ஐ.எஸ்.டி. எனும் ஆய்வகம். 1975-ல் தொடங்கியது, மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் குழுவான சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பைச் சேர்ந்தது. மத்திய அரசு ஆய்வகத்துக்கு மாநில எல்லை கிடையாது. களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் தாண்டினால் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. சென்னைக்கு ஓர் இரவு ரயிலில் போவதைவிட இது எவ்வளவோ பக்கம். 1956 நவம்பர் வரை நம் மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. பயிரும் தொழிலும் இன்றும் அந்தப் பக்கத்தோடு ஒத்தவை. ஆகவே நமக்குப் பொருந்தும் ஆய்வகங்கள் பலவும் அங்கேதான் இருக்கின்றன: மரச்சீனிக்கு ஸ்ரீகாரியத்தில் கிழங்குப் பயிர் ஆய்வு நிலையம் (1963), ரப்பருக்குக் கோட்டயத்தில் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் (1955), தும்புக்கு ஆலப்புழை கலவூரில் கயிறு வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் (1959), மீனுக்குக் கொச்சியில் மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் (1957).

நேரில் போகும் முன் ஒரு பக்கக் கடிதம் எழுதி, தொழில் மேம்பாட்டுப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். பாதி வேலை அந்தக் கடிதத்திலேயே முடிந்துவிடும். "மிளகு சரியாகக் காயவில்லை, உதவுங்கள்" என்று எழுதினால் அது எந்த விஞ்ஞானியின் மேசைக்குப் போக வேண்டும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. இப்படி எழுதுங்கள்: "ஒரு நாளைக்கு 150 கிலோ பச்சை மிளகு. விறகு உலர்த்தி. தட்டில் 3 அங்குலக் கனம் பரப்புகிறோம். 10 மணி நேரத்துக்குப் பின்னும் ஈரம் 15 சதவீதத்தில் நிற்கிறது. 13-க்குக் கீழே வர வேண்டும். தட்டுக் கனத்தைக் குறைத்தால் ஒரு நாள் சரக்கு அடங்கவில்லை." இந்த ஐந்தாறு வரியைப் படித்ததும், காற்றோட்டமா, வெப்பமா, பரப்பும் கனமா என்று அவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார். எண் இல்லாத பிரச்சினையை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால் முதல் மாதம் முழுக்க அந்த எண்ணைக் கண்டுபிடிக்கவே செலவாகும். அந்தச் செலவு உங்கள் பணம்.

ஆய்வகத்தோடு உறவு பல வகை. மாதிரி கொடுத்துச் சோதனை அறிக்கை வாங்குவது ஒன்று. விஞ்ஞானி உங்கள் கூடத்துக்கு வந்து பார்த்து ஆலோசனை தருவது இன்னொன்று. நீங்கள் பணம் கொடுத்து ஒரு பிரச்சினைக்கென்று ஆராய்ச்சி செய்யச் சொல்லலாம். ஏற்கெனவே அவர்கள் உருவாக்கி வைத்திருக்கும் தொழில்நுட்பத்துக்கு உரிமம் வாங்கலாம். பலரும் கடைசியில் உள்ளதிலிருந்து தொடங்குகிறார்கள். சோதனையிலிருந்து தொடங்குவதே நல்லது. எல்லாவற்றுக்கும் கட்டணம் முன்பணம்தான், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்று, பான், ஜி.எஸ்.டி. எண் மூன்றின் நகலையும் முதல் கடிதத்தோடு வைத்துவிட்டு, சிறுதொழிலுக்குச் சலுகைக் கட்டணம் உண்டா என்று அதிலேயே கேட்டுவிடுங்கள்.

உணவுப் பொருள் என்றால், குறுந்தொழில்களுக்கான மத்திய அரசின் பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் தகுதியுள்ள திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. வங்கிக் கடனோடு பிணைந்த மானியம் அது. கைப்பணத்தில் இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் பயன் இல்லை. திட்டம் இப்போதும் நடப்பில் உள்ளதா என்று கோணத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: ரப்பர்த் தோட்டத் தேன் எடுத்து விற்கிறோம். ஈரம் 23, 24 சதவீதம் இருப்பதால் புளித்துப் பொங்குகிறது. இரட்டைப் பாத்திரத்தில் சூடாக்கி ஈரம் இறக்கினோம். எச்.எம்.எஃப். 80-ஐத் தாண்டிவிட்டது என்று வாங்குபவர் 400 கிலோவைத் திருப்பிவிட்டார். வெற்றிட இயந்திரம் போட எண்ணம். ஆய்வகம் வடிவமைத்துத் தருமா? (மார்த்தாண்டம் வாசகர்கள் மூவர்)

தரும். ஆனால் அதற்கு முன் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். சூடாக்காத தேனில் கால் கிலோ, சூடாக்கிய அதே தேனில் கால் கிலோ, இரண்டையும் தனித்தனிக் கண்ணாடிக் குப்பியில் அனுப்பி எச்.எம்.எஃப். மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அமிலத்தன்மை உள்ள தேனில் ஃப்ரக்டோஸ் சூட்டால் சிதையும்போது உண்டாகும் பொருள்தான் எச்.எம்.எஃப். எனும் ஹைட்ராக்சி மீதைல் ஃபர்ஃபுரால். சட்டப்படி ஒரு கிலோவுக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. சூடாக்காத தேனிலேயே 40, 50 வந்தால் குற்றம் அடுப்பில் இல்லை, தேன் வைத்திருந்த இடத்தில். தகரக் கூரைக்குக் கீழே பங்குனி, சித்திரை இரண்டு மாதம் டின்னில் கிடந்த தேன் அடுப்பே ஏறாமல் கெடும். அந்த நிலையில் எந்த வெற்றிட இயந்திரமும் உங்களைக் காப்பாற்றாது.

இனி ஈரம். ரப்பர் மரத்தில் தேன் பூவிலிருந்து வருவதில்லை, தளிர் இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருகிறது. இலை உதிர்ந்து துளிர்க்கும் சில வாரங்களில் மொத்த வரவும் வந்து குவிவதால், தேனீ மூடி போடும் முன்பே அடையை எடுத்துவிடுகிறோம். அடையில் முக்கால் பாகத்துக்கு மேல் மெழுகு மூடி விழுந்த பிறகு எடுத்தால் ஈரம் இரண்டு மூன்று சதவீதம் தானாகக் குறையும். ஆய்வகத்துக்கு எழுதும் கடிதத்தில் மூடிய அடைத் தேனின் ஈரம், மூடாத அடைத் தேனின் ஈரம் இரண்டையும் குறிப்பிடுங்கள். ஈரம் காட்டும் கருவியான, தேனுக்கான கை ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால் போதும். கட்டியான தேனை இளஞ்சூட்டில் உருக்கி, ஆறவிட்ட பிறகே அளக்க வேண்டும். படிகம் கிடந்தால் கருவி தவறாகக் காட்டும்.

படிகம் ரப்பர்த் தேனுக்கு இன்னொரு தொல்லை. குளுக்கோஸ் அதிகம் என்பதால் சீக்கிரம் உறைகிறது. குளுக்கோஸ் உறைந்து அடியில் நின்றால், அது விட்ட தண்ணீர் மேலே உள்ள திரவத்தில் சேர்கிறது. மொத்தத்தில் 20 சதவீத ஈரம் உள்ள குப்பியிலும் மேல் அடுக்கு 23 ஆகி, அங்கேதான் முதலில் நுரைக்கிறது. ஈரம் 20-க்கு மேல் உள்ள தேன் எப்போதும் புளிக்கக்கூடியது. 17-க்குக் கீழே போனால் ஈஸ்ட் எத்தனை இருந்தாலும் புளிக்காது. விற்பனைக்கு 19-ஐக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கைப் பாருங்கள். 100 கிலோ தேனில் ஈரம் 24 என்றால் திடப்பொருள் 76 கிலோ. ஈரம் 19 ஆக வேண்டுமானால் இந்த 76 கிலோ மொத்தத்தில் 81 சதவீதமாக வேண்டும். அதாவது மொத்த எடை 93.8 கிலோவுக்கு இறங்க வேண்டும். எடுக்க வேண்டிய தண்ணீர் 6.2 கிலோ. இதை ஆவியாக்க ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும், தேனை 30 டிகிரியிலிருந்து 50-க்கு ஏற்ற இன்னொன்றரை யூனிட். வீணாவது இதற்கு மேல். இயந்திரம் விற்பவர் "2 கிலோவாட் ஹீட்டர், மணிக்கு 100 கிலோ" என்றால் அது நடக்காத காரியம் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

அடுத்தது பம்பு. 50 டிகிரியில் சாதாரணத் தண்ணீரின் ஆவி அழுத்தம் 92 மி.மீ. பாதரசம். தேன் தண்ணீரை இறுகப் பிடித்துவைத்திருப்பதால் அதில் சுமார் 60 சதவீதம், 55 மி.மீ.தான் கிடைக்கும். எனவே பாத்திரத்துக்குள் அழுத்தம் 55-க்குக் கீழே போக வேண்டும். வெற்றிட மானியில் 705-க்கு மேல் காட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கும் தண்ணீர் வளைய பம்புக்கு மொட்டை மாடித் தொட்டித் தண்ணீரை விட்டால், அது 35 டிகிரிக்குச் சூடாகி, தானே 42 மி.மீ. ஆவியைக் கக்குகிறது. பம்பு அந்த ஆவியையே இழுத்துக்கொண்டிருக்கும். மானி 650-இல் நின்றுவிடும். உடனே ஆட்கள் என்ன செய்கிறார்கள்? வேலை முடியவேண்டுமே என்று சூட்டை 70-க்கு ஏற்றுகிறார்கள். எச்.எம்.எஃப். திரும்பவும் ஏறுகிறது. இயந்திரம் வாங்கியும் சரக்கு திரும்பி வரும் வழி இதுதான். கிணற்றுத் தண்ணீரைப் பம்புக்கு விடுங்கள், அல்லது பம்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஆவியைத் தண்ணீராக்கும், குளிர்ந்த தண்ணீர் ஓடும் கண்டன்சர் வையுங்கள். வெற்றிடத்தில் தேன் நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஆய்வகத்திடம் கேட்க வேண்டியது இயந்திரத்தின் படத்தை மட்டும் அல்ல. உங்கள் தேனில் 20 கிலோவை அவர்கள் மாதிரி ஆலையில் ஓட்டி, நேரம், வெப்பம், மானி அளவு, முன்னும் பின்னும் ஈரம், எச்.எம்.எஃப்., டயஸ்டேஸ் (தேனில் உள்ள நொதி) ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு இயந்திரம் செய்து தரும் எந்த ஃபேப்ரிகேட்டரிடமும் பேசலாம். தஞ்சாவூரில் உள்ள உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெமிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். இரண்டு மதிப்பீடு கையில் இருப்பது நல்லது.

கேள்வி: ஆய்வகத்தில் பயிற்சி எடுத்து, அவர்கள் சொன்ன முறையிலேயே சக்கைப்பழ ஜாம் போட்டோம். அங்கே 2 கிலோவில் அழகாக வந்தது. இங்கே 200 கிலோ கெட்டிலில் கறுத்து, இறுகாமல் போகிறது. முறை தவறா? (குலசேகரம் வாசகர்)

முறை தவறு இல்லை. பாத்திரம் பெரிதானதுதான் காரணம். கொள்ளளவு 100 மடங்கானால் பாத்திரத்தின் சூடேறும் பரப்பு 100 மடங்காகாது, 21 மடங்கு சொச்சம்தான் ஆகும். ஒரு கிலோ ஜாமுக்குக் கிடைக்கும் பரப்பு நாலரை மடங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அங்கே 25 நிமிடத்தில் வற்றியது இங்கே இரண்டு மணி நேரம் கொதிக்கிறது. அந்த நேரம் முழுக்க சர்க்கரை கருகுகிறது, ஜாமை இறுகவைக்கும் பெக்டின் அமிலத்தோடு சேர்ந்து கொதித்துச் சங்கிலி அறுகிறது. நிறமும் போகிறது, இறுக்கமும் போகிறது.

200 கிலோ கெட்டிலில் ஒரே தடவையாகப் போடாதீர்கள். அதே கெட்டிலில் 50 கிலோவாக நான்கு முறை போடுங்கள். வற்ற வேண்டிய தண்ணீரைச் சர்க்கரை சேர்க்கும் முன்பே கூழிலிருந்து வற்றவிடுங்கள். சர்க்கரையை இரண்டு தவணையாகப் போட்டு, பெக்டின் தூளை அதன் ஐந்து மடங்கு சர்க்கரையோடு உலர்வாகக் கலந்து தூவுங்கள். நேராகக் கொட்டினால் கட்டி கட்டியாகி, உள்ளே கரையாமல் கிடக்கும். சிட்ரிக் அமிலம் கடைசியில், இறக்கப்போகும்போது. பி.எச். 3.0-க்கும் 3.3-க்கும் நடுவே இருக்கட்டும். கரைந்த திடப்பொருள் 68 சதவீதத்தைத் தொட்டதும் இறக்கிவிடுங்கள். 65-க்குக் கீழே இருந்தால் சட்டப்படி அது ஜாமே இல்லை.

உரிமம் வாங்கப் போகும் எல்லோருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. "இந்தத் தொழில்நுட்பத்தை எத்தனை கிலோ அளவில் ஓட்டிக் காட்டியிருக்கிறீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும். பீக்கரில் காட்டியதா, மாதிரி ஆலையிலா, ஏற்கெனவே உரிமம் வாங்கிய ஆலை ஒன்றிலா? மூன்றாவதாக இருந்தால் அந்த ஆலையைப் பார்க்க அனுமதி கேளுங்கள். நேர்மையான விஞ்ஞானி இதற்குத் தயங்காமல் பதில் சொல்வார். பிறகு ஒப்பந்தத்தைப் படியுங்கள். தனியுரிமையா, பலருக்கும் தருவதா? முன்பணம் எவ்வளவு, நிகர விற்பனையில் ராயல்டி எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு? உங்கள் கூடத்தில் வந்து ஓட்டிக்காட்டும் நாட்களும் அதில் அடங்குமா, பயணச் செலவு தனியா? நீங்கள் செய்யும் மேம்பாடு யாருடையது? ஒப்பந்தம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வரிக்கு வரி தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம். பணம் உங்களுடையது.

கேள்வி: லேட்டக்ஸில் (பதப்படுத்திய ரப்பர்ப் பால்) அச்சை முக்கிப் பொருள் செய்யும் டிப்பிங் சிறு ஆலை. 60 சதவீத லேட்டக்ஸ் பேரலில் வாங்குகிறோம். சில பேரல் நன்றாக ஓடுகிறது. சில பேரலில் கலவை போட்ட மறுநாளே தயிர்போல் கட்டிவிடுகிறது. யாரிடம் போவது? (அருமனை வாசகர்)

கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையத்தில் லேட்டக்ஸ் சோதனையும் கலவை ஆலோசனையும் தருகிறார்கள். வெறும் உலர் ரப்பர் அளவை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பேரல் வாங்கும்போது எல்லோரும் பார்ப்பது அதைத்தான், தயிராவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கேட்க வேண்டியவை நான்கு: வி.எஃப்.ஏ. எண் (ஆவியாகும் கொழுப்பு அமிலம்), எம்.எஸ்.டி. எனும் இயந்திர நிலைப்பு நேரம், கே.ஓ.எச். எண் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு), மக்னீசியம்.  டிப்பிங்குக்கு நல்ல லேட்டக்ஸில் வி.எஃப்.ஏ. 0.05-க்குள்ளேயே நிற்கும். நிலைப்பு நேரம் 650 வினாடிக்குக் குறையக் கூடாது.

வெட்டிய பால் ஆலைக்குப் போக நேரமானால் பாக்டீரியா அதில் கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகிறது. வி.எஃப்.ஏ. ஏறும், அமோனியா சேர்த்த பிறகும் அது இறங்காது. அப்படிப்பட்ட பாலில் நீங்கள் துத்தநாக ஆக்சைடு சேர்க்கும்போது, அது அமோனியாவில் கரைந்து துத்தநாக அயனியாகி, ரப்பர்த் துகளைக் காக்கும் சோப்பைப் பறித்துவிடுகிறது. துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. நல்ல லேட்டக்ஸுக்கு இதைத் தாங்கும் பலம் உண்டு, கெட்டதற்கு இல்லை. மக்னீசியம் அதிகம் என்றால் டைஅமோனியம் பாஸ்பேட் சேர்த்து வண்டலாக இறக்கலாம். அதை லேட்டக்ஸ் ஆலை செய்ய வேண்டும், நீங்கள் அல்ல. சோதனை அறிக்கையைக் காட்டிக் கேட்டால் செய்வார்கள்.

உங்கள் பக்கமும் பாருங்கள். கலவையில் போர்வெல் தண்ணீர் விடுகிறீர்களா? கால்சியமும் மக்னீசியமும் உள்ள கடினநீர் ஒரு குவளை போதும் கட்டி தட்ட. கந்தகக் கலவையைப் பால் மில்லில் (குண்டுகள் உருண்டு அரைக்கும் இயந்திரம்) மூன்று நாள் ஓட்டாமல் ஒரே நாளில் இறக்கினால், பெரிய துகள் அடியில் உட்காரும், படலத்தில் ஊசித்துளை விழும். பித்தளைக் குழாயோ செம்பு வலையோ எங்கும் இருக்கக் கூடாது. மொத்தத் திடப்பொருளில் ஒரு கிலோவுக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் செம்பு சேர்ந்தாலே தரவிதிக்கு வெளியே போய்விடும். அந்தச் சரக்கு சில மாதத்தில் பிசுபிசுத்து அறும்.

மாதிரி எடுப்பதில் ஒரு கவனம். பேரலை உருட்டிக் கலக்காமல் மேலே இருந்து மொண்டால் அது ஆடை மட்டுமே. உருட்டி, நடுவிலிருந்து எடுத்து, குப்பியை வாய்வரை நிரப்பி மூடுங்கள். பாதி குப்பியாக இருந்தால் அமோனியா மேலே உள்ள காற்றில் போய்விடும். கெட்ட பேரலோடு நன்றாக ஓடிய பேரலிலிருந்தும் ஒரு மாதிரி அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் எந்த எண் பேசுகிறது என்று தெரியும். பேரல் எண்ணும் தேதியும் குப்பியில் இருக்கட்டும்.

கேள்வி: தும்பு ஆலையின் சோற்றை (தேங்காய் நார்த் தூள்) கழுவி, 5 கிலோ கட்டியாக அழுத்தி ஏற்றுமதிக்குக் கொடுக்கிறோம். உப்பளவு (மின்கடத்துதிறனாக அளப்பது) 0.5-க்குக் கீழே என்று நம் பக்கத்து அறிக்கை. துறைமுகம் தாண்டியதும் 1-க்கு மேல் என்று தள்ளுபடி கேட்கிறார்கள். (ஈத்தாமொழி வாசகர்)

முதலில் இரண்டு அறிக்கையிலும் "சாறு எடுத்த விகிதம்" என்ற வரியைத் தேடுங்கள். ஒரு பங்கு சோற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு அளப்பது ஒரு முறை, ஒன்றரைப் பங்கு விட்டு அளப்பது இன்னொரு முறை. தண்ணீர் குறைந்தால் உப்பு செறிந்து எண் ஏறும். சோறு ஒன்றுதான், அளவுகோல் வேறு. எந்த முறை என்று ஆர்டரிலேயே எழுதி வாங்குங்கள். கலவூர் நிலையத்தில் அதே முறையில் அளக்கச் சொல்லுங்கள்.

உண்மையிலேயே உப்பு கூடுதல் என்றால் கழுவும் தண்ணீரை அளந்து பாருங்கள். கடலோரக் கிணற்றில் கோடையில் உப்பு ஏறும். கழுவும் தண்ணீரே 0.8 இருந்தால் பத்து முறை கழுவினாலும் சோறு அதற்குக் கீழே வராது. இடவப்பாதி மழை, துலாமழை என இரண்டு மழையும் கிடைக்கும் மாவட்டம் இது. சரிவான சிமென்ட் தளத்தில் ஒன்றரை அடி உயரத்துக்குச் சோற்றைப் பரப்பி மழையில் விட்டால் கூலி இல்லாமல் கழுவிக் கிடைக்கும். குவியலாக ஆள் உயரத்துக்கு ஏற்றினால் மேல்பகுதி கழுவி, அந்த உப்பு அடியில் போய்த் தங்கும். மாதிரியை மேலே மட்டும் எடுத்திருந்தால் நம் அறிக்கை நல்லதாகவும் அங்கே வந்தது கெட்டதாகவும் இருப்பது இயல்பே.

இன்னொன்று: தண்ணீர் போக்குவது தனியாகக் கிடக்கும் உப்பை மட்டும். சோற்றோடு ஒட்டியிருக்கும் பொட்டாசியமும் சோடியமும் கால்சியம் வந்தால்தான் இடம் பெயரும். அதற்குக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துத் திரும்பக் கழுவ வேண்டும். எவ்வளவு சேர்ப்பது என்பது சோற்றுக்குச் சோறு மாறும். 5 கிலோ சோற்றில் மூன்று வெவ்வேறு அளவில் சோதித்துச் சொல்லும்படி ஆய்வகத்திடம் கேளுங்கள். சிறு ஆலோசனைக் கட்டணத்தில் முடியக்கூடிய வேலை இது.

கேள்வி: வாழைநார் பிரிக்கும் இயந்திரத்தில் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். ஆய்வகத்தில் காட்டினால் அவர்கள் பேரில் காப்புரிமை எடுத்துவிடுவார்களா? (நாகர்கோவில் வாசகர்)

காட்டும் முன் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய். தேதி உங்களுக்கு உறுதியாகிவிடும். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். பிறகு ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காட்டுங்கள். கண்காட்சியில் வைப்பதும், ஓடும் படத்தை வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதும் அதற்கு முன் வேண்டாம். உங்கள் பொருளை நீங்களே வெளியிட்டதாக எண்ணி விண்ணப்பத்தைத் தள்ள இடம் உண்டு.

சேர்ந்து வேலை செய்யும் ஒப்பந்தத்தில் நீங்கள் கொண்டுவந்தது எது, சேர்ந்து உண்டாவது எது என்று இரண்டு பத்தியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். விஞ்ஞானிக்கு ஆய்வுக் கட்டுரை வெளியிட வேண்டியது தொழில் கடமை. அதைத் தடுக்காதீர்கள். அனுப்பும் முன் 60 நாள் உங்களுக்குப் பார்க்கத் தர வேண்டும் என்று ஒரு வரி போதும்.

கேள்வி: மரச்சீனி மாவு நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகிறது. கிழங்கு நல்லதுதான். (திருவட்டாறு வாசகர்)

இரும்பு. கிழங்கில் உள்ள சயனைடு, துருப்பிடித்த அரைவைத் தகட்டிலோ தொட்டியிலோ உள்ள இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. அரைக்கும் பரப்பும் படியவிடும் தொட்டியும் துருப்பிடிக்காத எஃகாகவோ வெள்ளைக்கல் பதித்ததாகவோ இருக்கட்டும். பறித்த 24 மணி நேரத்துக்குள் அரைத்துவிடுங்கள். இரண்டாம் நாள் கிழங்குக்குள் கருநீலக் கோடு ஓடத் தொடங்கும், அந்த நிறம் கழுவினால் போகாது. மாற்றியும் சரியாகவில்லை என்றால் ஸ்ரீகாரியத்துக்கு மாவோடு உங்கள் தண்ணீரையும் ஒரு லிட்டர் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஒரே தேங்காயெண்ணெயை இரண்டு ஆய்வகத்துக்குக் கொடுத்தேன். ஒன்று 2.8 என்கிறது, மற்றது 1.0 என்கிறது. எதை நம்புவது? (கருங்கல் வாசகர்)

இரண்டையும். 2.8 என்பது அமில மதிப்பு. 1.0 என்பது லாரிக் அமிலமாகக் கணக்கிட்ட கட்டற்ற கொழுப்பு அமிலச் சதவீதம். அமில மதிப்பை 2.8-ஆல் வகுத்தால் மற்றது வரும். இரண்டு ஆய்வகமும் ஒன்றையே சொல்லியிருக்கின்றன. சில ஆய்வகங்கள் ஓலிக் அமிலமாகவும் தரும். அதற்கு 2-ஆல் வகுத்தால் ஏறத்தாழச் சரி, உங்கள் எண்ணெயில் அது 1.4 என்று வந்திருக்கும். அமில மதிப்பு 6 வரை சட்டம் அனுமதிக்கிறது, ஆகவே விற்கத் தடை இல்லை. ஆனால் 2.8 என்பது கொப்பரை முழுதாகக் காயவில்லை என்றே காட்டுகிறது. ஈரம் 6 சதவீதத்துக்கு வரும்வரை காயவைத்து, அந்தக் கொப்பரையில் ஆட்டியதை அடுத்த மாதிரியாக அனுப்புங்கள். பழுப்புக் குப்பியில், கழுத்துவரை நிரப்பி. விண்ணப்பத்தில் "அமில மதிப்பாகத் தரவும்" என்று எழுதிவிடுங்கள்.